டீசல் பிக்கப்பில் டியூனர் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் பெரிய டீசல் பிக்கப்புகளை மனதில் வைத்து எழுதியது இது. ஃபோர்டு சூப்பர் டியூட்டியின் பவர் ஸ்ட்ரோக், ராம் 2500, 3500 வண்டிகளின் கம்மின்ஸ், செவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா வண்டிகளின் டியூராமேக்ஸ் ஆகிய மூன்று டீசல் எஞ்சின்களைப் பற்றித்தான் பேச்சு. பெட்ரோல் வண்டிக்கு இதில் பாதி பொருந்தாது.

டியூனர் என்ன செய்கிறது?

எஞ்சினை நடத்தும் கணினிக்குள் அட்டவணை அட்டவணையாக எண்கள் இருக்கின்றன. இந்த ஆர்பிஎம்மில் பெடலை இவ்வளவு மிதித்தால் எத்தனை டீசல் பீய்ச்ச வேண்டும், எந்தக் கணத்தில் தொடங்க வேண்டும், எவ்வளவு நேரம் இன்ஜெக்டர் திறந்திருக்க வேண்டும், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ எவ்வளவு பூஸ்ட் (காற்றழுத்தம்) தர வேண்டும், கியர்பாக்ஸ் எப்போது மாற வேண்டும் எல்லாம் அதில் அடக்கம். டியூனர் அந்த எண்களை மாற்றி எழுதுகிறது. சில வகைகள் எதையும் எழுதாமல், கணினிக்குப் போகும் சென்சார் தகவலை மட்டும் திரித்து அனுப்புகின்றன.

பெட்ரோல் எஞ்சினில் காற்றைக் கூட்டிக் குறைத்துச் சக்தியைக் கட்டுப்படுத்துகிறோம். டீசலில் சக்தியைத் தீர்மானிப்பது எரிபொருளின் அளவு. டர்போ போதுமான காற்றைத் தரும்வரை, கூட டீசல் ஊற்றினால் கூட இழுவை கிடைக்கும். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் 60, 100 குதிரைத்திறன் ஏற்ற முடிவது இதனால்தான். கணினி இல்லாத காலத்திலும் இதே வேலை நடந்தது. 1994 முதல் 1998 வரை வந்த 12 வால்வு கம்மின்ஸில் பி7100 என்ற மெக்கானிக்கல் பம்ப் இருந்தது. அதன் உள்ளே இருக்கும் ஒரு சிறிய தகட்டை முன்னால் தள்ளி வைத்தோ, அரம் போட்டுத் தேய்த்தோ டீசல் அளவைக் கூட்டினார்கள். அன்றைக்கு அரம், இன்றைக்கு லேப்டாப்.

எத்தனை வகை உண்டு? எது நல்லது?

வண்டியின் பழுதுகளைப் படிக்க வைத்திருக்கும் ஓபிடி போர்ட்டில் செருகி, கணினியில் இருக்கும் நிரலை மாற்றி எழுதும் கைக்கருவி ஒரு வகை. இன்றைய வண்டிகளுக்கு இதுதான் பொதுவானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே அந்தப் போர்ட் இருக்கும். இதிலேயே கொஞ்சம் உயர்ந்த ரகம், உங்கள் வண்டியின் பதிவுகளைப் பார்த்து ஒரு டியூனர் ஆள் தனியாக எழுதித் தரும் கோப்பு. டியூராமேக்ஸ்காரர்கள் இஎஃப்ஐ லைவ் மென்பொருளில் ஐந்து டியூன்களை ஏற்றிவைத்து, டேஷ்போர்டில் ஒரு திருகு ஸ்விட்ச் வைத்துக்கொள்வார்கள். டிரெய்லர் இருக்கும்போது ஒன்று, இல்லாதபோது வேறொன்று.

இன்னொரு வகை, வயரிங்கின் நடுவே மாட்டும் பெட்டி. காமன் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாய்) இருக்கும் உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதாகக் கணினியிடம் சொல்லும். கணினி அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். மலிவு, கழற்றுவதும் சுலபம். ஆனால் ஹைபிரஷர் பம்பையும் இன்ஜெக்டரையும் நேரடியாக வாட்டுவது இதுதான். சில பொறியியல் நிறுவனங்கள் வெப்பத்தையும் பூஸ்டையும் பார்த்துத் தானே பின்வாங்கும் பெட்டிகளைச் செய்கின்றன. அவை வேறு தரம். சும்மா ரெசிஸ்டர் வைத்து ஏமாற்றும் மலிவுப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

பெடல் பாக்ஸும் இதே போன்றதா?

இல்லை. அது பெடலிலிருந்து போகும் சிக்னலை மட்டும் மாற்றும். பாதி மிதித்தால் முக்கால் மிதித்ததாகக் கணினி நினைக்கும். வண்டி துள்ளுவதுபோல இருக்கும். ஒரு குதிரைத்திறன்கூடக் கூடியிருக்காது. தவறில்லை, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் சரி.

இவ்வளவு சக்தி உள்ளேயே இருந்தால் கம்பெனியே ஏன் கொடுக்கவில்லை?

சில நேரம் கொடுத்துமிருக்கிறது. 2011 மாடல் சூப்பர் டியூட்டியில் புதிய 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் 390 குதிரைத்திறன், 735 பவுண்டு-அடி முறுக்குவிசையுடன் வந்தது. சில மாதங்களிலேயே, 2010 ஆகஸ்டில், ஃபோர்டு அதை 400-க்கும் 800-க்கும் உயர்த்தியது. எஞ்சினில் எந்தப் பாகமும் மாறவில்லை, மென்பொருள் மட்டும்தான். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் டீலரிடம் இலவசமாக ஏற்றிக் கொடுத்தார்கள். டியூனர் விற்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் கம்பெனி ஒரு எண்ணை நிறுத்தும் இடத்துக்குக் காரணம் இருக்கிறது. அரிசோனாவின் ஆகஸ்டு வெயிலில், ஏசி முழுவதும் போட்டு, முழு எடை டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஒருவர் மலையேறுவார். அவர் ஆயில் மாற்றவும் மறந்திருப்பார். அந்த ஆளின் வண்டியும் வாரண்டிக் காலம் முழுக்கத் தாங்க வேண்டும், புகைச் சட்டத்தின் சோதனையிலும் தேற வேண்டும். மீதி வைத்திருக்கும் இடைவெளி அந்த ஆளுக்கானது. டியூன் போடும்போது அந்த இடைவெளியைத்தான் எடுத்துச் செலவு செய்கிறோம். காலி வண்டியில் வேலைக்குப் போய்வருபவருக்கு அதில் கொஞ்சம் எடுத்தால் நட்டமில்லை. 12,000 பவுண்டு இழுப்பவருக்கு அதே எண் வேறு கதை.

முதலில் எது அடிவாங்கும்?

இரண்டு இடங்கள்: வெப்பமும் கியர்பாக்ஸும். வெப்பத்தை முதலில் சொல்கிறேன்.

எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பத்தை டர்போவுக்கு முன்னால் அளக்க வேண்டும். இழுவைக்காரர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் கோடு 1,250 டிகிரி ஃபாரன்ஹீட். சிறிது நேரம் 1,300 தொட்டுத் திரும்பினால் பரவாயில்லை, அங்கேயே நிற்கக் கூடாது. அலுமினியம் உருகுவது சுமார் 1,220 டிகிரியில். பிஸ்டனை ஆயில் அடியிலிருந்து குளிர்விப்பதால் வாயுவின் வெப்பம் அப்படியே பிஸ்டனின் வெப்பமாகிவிடாது. என்றாலும் அந்த இரண்டு எண்களும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். இந்த எஞ்சின் குடும்பங்களில் பெரும்பாலான பிஸ்டன்கள் அலுமினியம். 2020-இல்தான் ஃபோர்டு 6.7-க்கு எஃகு பிஸ்டன் கொடுத்தது.

இதன் குணம் எப்படி என்றால், சமதளத்தில் 70 மைல் வேகத்தில் போகும்போது மீட்டர் 700, 800 காட்டும். டியூன் போட்டதே தெரியாது. நெவாடா எல்லையில் டேவிஸ் அணையிலிருந்து கிழக்கே ஏறும் சாலைக்கு வாருங்கள். இழுவைத் திறனை அளக்கும் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் ஜே2807 விதிமுறை சோதனைக்கு எடுத்துக்கொண்ட ஏற்றமே அதுதான். டிரெய்லருடன் பெடலை அழுத்தியே வைத்திருந்தால், முதல் அரை நிமிடம் ஒன்றும் இருக்காது. அப்புறம் முள் நகரத் தொடங்கும். 1,100, 1,150, 1,200 என்று நின்று நின்று ஏறும். கூலன்ட் மீட்டர் அப்போதும் நடுவிலேயே நிற்கும். வண்டியின் டேஷ்போர்டை மட்டும் பார்த்து ஓட்டுபவருக்கு இதில் எதுவும் தெரிய வராது. அந்த இடத்தில் ஒரு கியர் இறக்கி, ஆர்பிஎம்மை ஏற்றி, பெடலைச் சற்றுத் தளர்த்தினால் முள் இறங்கும். காற்று கூடுகிறது, டீசல் குறைகிறது, அவ்வளவுதான்.

ஆகவே டியூனருக்கு முன் மீட்டர். பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மீட்டரை வாங்குங்கள்.

கியர்பாக்ஸ் எவ்வளவு தாங்கும்?

டியூராமேக்ஸோடு இணைந்து வந்த ஆலிசன் 1000 கியர்பாக்ஸ் நல்ல பெயர் எடுத்தது. அதற்கும் ஒரு எல்லை உண்டு. உள்ளே கிளட்ச் வழுக்குவதைக் கணினி கண்டுபிடித்தால் உடனே லிம்ப் மோடு என்ற தற்காப்பு நிலைக்குப் போய்விடும். வண்டி ஒரே கியரில் ஊர்ந்து வீடு வர வேண்டியதுதான். ராமில் 2007 முதல் வந்த 68ஆர்எஃப்இ இன்னும் நொய்ந்தது. நிறைய டியூன் போட்டு நிறைய இழுத்தவர்கள் அதைப் பிரித்துக் கட்டிய கதைகள் ஏராளம். ராமே தன் அதிக இழுவை எஞ்சினுக்கு 2024 மாடல் வரை ஐசின் கியர்பாக்ஸைத்தான் வைத்தது என்பதைக் கவனியுங்கள்.

வழுக்கத் தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். மேல் கியரில், டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பாகம்) பூட்டிய நிலையில், ஏற்றத்தில் பெடலை அழுத்துங்கள். வேகம் அப்படியே நிற்க ஆர்பிஎம் மட்டும் 200, 300 எகிறினால் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கே குறைந்த டியூனுக்கு இறங்குங்கள். நல்ல டியூன் எழுதுபவர் எஞ்சினோடு சேர்த்துக் கியர்பாக்ஸின் அழுத்தத்தையும் பூட்டும் நேரத்தையும் திருத்தித் தருவார். எஞ்சினுக்கு மட்டும் எழுதிவிட்டுக் கியர்பாக்ஸைத் தொடாத டியூன் அரை வேலை.

என் வண்டி எந்த ஆண்டு என்பது முக்கியமா?

ரொம்ப.

6.0 பவர் ஸ்ட்ரோக் (2003 முதல் 2007): சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டை இறுக்கிப் பிடிக்க ஒவ்வொரு சிலிண்டரைச் சுற்றியும் நான்கு போல்ட்தான். டியூன் போட்டு அழுத்தம் கூடியதும் ஹெட் லேசாகத் தூக்கிக்கொடுக்கும், கேஸ்கட் போகும். கூலன்ட் தொட்டியின் மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருந்தால் அது தூக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். போல்ட்டுக்குப் பதில் வலுவான ஸ்டட் போடாமல், இஜிஆர் கூலரையும் (எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும் புகையைக் குளிர்விப்பது) கவனிக்காமல் இந்த எஞ்சினில் டியூனைப் பற்றிப் பேசாதீர்கள்.

6.4 பவர் ஸ்ட்ரோக் (2008 முதல் 2010): புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியைச் சுத்தம் செய்ய சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசலைப் பீய்ச்சும். அதில் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைய வேண்டிய இடத்தில் ஏறி, டீசல் வாடை அடிக்கும். புகை கக்கும் டியூன் போட்டால் வடிகட்டி சீக்கிரம் நிரம்பி இந்தச் சுத்தம் அடிக்கடி நடக்கும், ஆயில் இன்னும் நீர்த்துப்போகும்.

எல்பிஇசட் டியூராமேக்ஸ் (2006, 2007) டியூனுக்குப் பேர் போனது. கூட்டிக்கொண்டே போனால் பிஸ்டன் விரிசல் விடும் என்பதும் அதே அளவுக்குப் பேர் போனது. 2011 முதல் வந்த எல்எம்எல் டியூராமேக்ஸ், ஃபோர்டு 6.7 இரண்டிலும் சிபி4 ஹைபிரஷர் பம்ப். டியூன் இல்லாமலேயே உடைந்து, இரும்புத் தூளை எரிபொருள் பாதை முழுக்க அனுப்பிய வரலாறு அதற்கு உண்டு. 2017 முதல் வந்த எல்5பி டியூராமேக்ஸில் கணினியைப் பூட்டிவிட்டார்கள். திறந்து தருபவரிடம் கழற்றி அனுப்பினால்தான் உண்டு. 2018 முதல் ராமிலும் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

இன்னொன்று. இன்றைய வண்டிகள் ஷோரூமிலிருந்தே அன்றைய போட்டி வண்டிகளைப்போல வருகின்றன. 1989-இல் டாட்ஜில் வந்த முதல் கம்மின்ஸுக்கு 160 குதிரைத்திறன், 400 பவுண்டு-அடி. 2023 சூப்பர் டியூட்டியின் ஹை அவுட்புட் எஞ்சினுக்கு 500, 1,200. இதற்கு மேல் டியூன் எதற்கு என்று என்னைக் கேட்டால் எனக்குப் பதில் வராது.

மைலேஜ் கூடுமா?

கூடும் என்று பெட்டியின் மேல் அச்சடித்திருப்பார்கள். காலி வண்டியை நிதானமாக ஓட்டினால், டைமிங் சரியாகத் திருத்திய டியூனில் கொஞ்சம் கூடலாம். புதிதாக ஏறிய சக்தியை மிதித்துப் பார்க்காமல் இருப்பவர் எத்தனை பேர்?

டேஷ்போர்டில் வரும் மைலேஜ் எண்ணை நம்ப வேண்டாம். தான் எவ்வளவு டீசல் பீய்ச்சச் சொன்னோம் என்பதை வைத்துத்தான் கணினி அந்தக் கணக்கைப் போடுகிறது. அழுத்தத்தைத் திரித்துச் சொல்லும் பெட்டி மாட்டியிருந்தால், உண்மையில் போனதைவிடக் குறைவாகவே போனதாக அது நினைக்கும். ஒரே பம்பில், முதல் முறை கிளிக் ஆகும்வரை நிரப்பி, ஓடிய மைலை அடுத்த முறை நிரப்பிய கேலனால் வகுத்துப் பாருங்கள். சில டேங்க் சேர்ந்த பிறகு வரும் சராசரிதான் உண்மை.

டியூன் போட்டால் அதிக எடை இழுக்கலாமா?

கூடாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எடை எஞ்சினை மட்டும் பார்த்துப் போட்டதில்லை. பிரேக், அச்சு, டயர், ஃபிரேம், குளிர்விப்பு எல்லாம் அதில் இருக்கிறது. டியூன் அவற்றில் எதையும் தொடுவதில்லை. அதே எடையை ஏற்றத்தில் கொஞ்சம் சுலபமாக இழுக்கலாம், அவ்வளவே.

டிபிஎஃப், இஜிஆர் இரண்டையும் கழற்றிவிட்டு டியூன் போடச் சொல்கிறார்களே?

'டிலீட்' என்று சொல்வது இதைத்தான். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டத்தில் இது குற்றம். புகைக் கட்டுப்பாட்டுப் பாகத்தைக் கழற்றுவதும், அதைச் செயலிழக்க வைக்கும் கருவியை விற்பதும், மாட்டுவதும் எல்லாமே அதில் அடங்கும். 'ஆஃப் ரோடு மட்டும்' என்று பெட்டியில் எழுதியிருப்பது, சாலையில் ஓடும் வண்டிக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டமில்லை. 2013-இல் டியூனர் விற்கும் எட்ஜ் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் இதற்காக 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2015-இல் அதே தொழிலில் இருந்த எச் அண்ட் எஸ் நிறுவனம் 10 லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒத்துக்கொண்டது. 2020 நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் புகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருந்தது. அவற்றின் ஆயுள்காலத்தில் கூடுதலாக வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடு 5,70,000 டன்னுக்கு மேல்.

டிலீட் செய்பவர்கள் சொல்லும் குறைகள் பொய்யில்லை. டிபிஎஃப் அடைக்கும், இஜிஆர் கூலர் ஒழுகும், புகையைச் சுத்தம் செய்யும் டெஃப் திரவத்தின் சென்சார் பழுதாகும், மாற்றினால் ஆயிரக்கணக்கில் ஆகும். அந்த எரிச்சல் எனக்கும் புரிகிறது. ஆனாலும் சட்டம், விற்கும்போது இறங்கும் விலை, பக்கத்து வண்டியில் ஜன்னலைத் திறந்துவைத்திருக்கும் குழந்தை எல்லாவற்றையும் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. பாகங்களைக் கழற்றாமல் அப்படியே வைத்து எழுதும் டியூன்களும் கிடைக்கின்றன. இந்தப் பக்கத்தில் நான் டியூன் என்று சொல்வதெல்லாம் அவைதான்.

சட்டப்படி சரியான டியூனர் என்று எப்படித் தெரியும்?

கலிஃபோர்னியாவின் காற்றுத்தர வாரியமான கார்ப் சோதித்து அனுமதித்த கருவிகளுக்கு 'எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர்' எண் ஒன்று இருக்கும். எந்த எஞ்சின், எந்த ஆண்டு என்பது வரை அதில் குறிப்பிட்டிருக்கும். கலிஃபோர்னியாவில் 2021 ஜூலை முதல் ஸ்மாக் என்ற புகைச் சோதனையில் கணினியின் மென்பொருளையும் பார்க்கிறார்கள். அனுமதி பெறாத டியூன் இருந்தால் வண்டி தேறாது. வேறு மாநிலத்தில் இருந்தாலும் அந்த எண் உள்ள கருவியைத் தேடி வாங்குவது நல்லது. எண்ணைக் கேட்டதும் விற்பவர் பேச்சை மாற்றினால் கிளம்பிவிடுங்கள்.

வாரண்டி போய்விடுமா?

1975-இன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப் பாகம் மாட்டிய ஒரே காரணத்துக்காக முழு வாரண்டியையும் ரத்து செய்ய முடியாது. பழுதுக்கு அந்தப் பாகம்தான் காரணம் என்று காட்ட வேண்டும். கதவுக் கண்ணாடி மோட்டார் போனால் டியூனைச் சாக்குச் சொல்ல முடியாது. பிஸ்டனோ டர்போவோ கியர்பாக்ஸோ போனால் காட்டுவது அவர்களுக்குச் சுலபம். வழக்குப் போட்டு மறுப்பது உங்களுக்குக் கஷ்டம். நடைமுறையில், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்குமான பவர்டிரெய்ன் வாரண்டி இருக்கும்வரை டியூன் போடாமல் இருப்பதே என் கட்சி.

டீலரிடம் போகும் முன் பழைய நிரலைத் திரும்ப ஏற்றிவிட்டால்?

பெரும்பாலும் மாட்டிக்கொள்வீர்கள். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற பதிவு பல கணினிகளில் இருக்கிறது. ஜிஎம் டீலர்கள் நிரலின் சரிபார்ப்பு எண்ணை எடுத்துக் கம்பெனிப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். ஏமாற்றும் எண்ணத்தில் இல்லாவிட்டாலும், சர்வீசுக்குப் போகும் முன் பழைய நிரலுக்குத் திரும்புவது அவசியம். டீலர் புதிய அப்டேட்டை ஏற்றினால் உங்கள் டியூன் அழிந்துபோகும், கைக்கருவியில் சேமித்த பழைய கோப்பும் பொருந்தாமல் நிற்கும்.

நானே ஏற்றலாமா?

ஏற்றலாம், கடினமே இல்லை. பொறுமைதான் வேண்டும். இந்த வண்டிகளில் இரண்டு பேட்டரி. இரண்டும் நல்ல நிலையில் இருக்க வேண்டும், பேட்டரி மெயின்டெய்னரை மாட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஏசி விசிறி, விளக்கு, ரேடியோ எல்லாவற்றையும் அணையுங்கள். போனை வண்டியில் சார்ஜ் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் விடுங்கள். கருவி முதலில் பழைய நிரலைப் படித்துச் சேமிக்கும். அந்தக் கோப்பை ஒரு கணினியிலும் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு எழுதத் தொடங்கும். திரையில் சதவீதம் ஓடும்; டேஷ்போர்டில் கண்டபடி விளக்குகள் எரியும், முட்கள் ஆடும், எங்கோ ரிலே டிக் டிக்கென்று அடிக்கும். பயந்து கேபிளைப் பிடுங்கியவர்கள்தான் கணினியைக் கெடுத்துக்கொண்டவர்கள். கதவைத் திறந்து மூடக்கூட வேண்டாம். சாவியை அணைக்கச் சொன்னால் அணைத்து, திருப்பச் சொன்னால் திருப்புங்கள்.

முதல் வாரம் மிகக் குறைந்த நிலையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

பழைய டியூனர் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கைக்கருவி முதலில் மாட்டிய வண்டியின் வின் என்ற அடையாள எண்ணோடு பூட்டிக்கொள்ளும். விற்பவர் தன் வண்டியைப் பழைய நிரலுக்குத் திருப்பிக் கருவியை விடுவித்திருந்தால்தான் உங்களுக்கு வேலை செய்யும். அவர் வண்டியை முன்பே விற்றுவிட்டாரென்றால் கதை முடிந்தது, அல்லது தயாரிப்பாளருக்குத் தனியாகக் கட்டணம்.

கருப்புப் புகை வந்தால் சக்தி வருகிறது என்றுதானே பொருள்?

எரியாத டீசல் வெளியே போகிறது என்று பொருள். காசு கொடுத்து வாங்கிய டீசல். வேண்டுமென்றே புகை விடுவதை நியூ ஜெர்சி 2015-லும் கொலராடோ 2017-லும் தடை செய்தன. பெடலை அழுத்திய கணத்தில் லேசாகத் தெரிந்து மறைந்தால் பழைய வண்டிகளில் அது இயல்பு. டிபிஎஃப் உள்ள வண்டியின் பின்னால் புகை தெரிந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

வாங்கப் போகும் பழைய பிக்கப் டியூன் ஆனதா என்று எப்படிப் பார்ப்பது?

வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டர்போவிலிருந்து பின்னால் வரும் குழாயில் டிபிஎஃப் உருளை இருக்க வேண்டிய இடத்தில் நேர்க்குழாய் ஓடினால் சந்தேகமே வேண்டாம். டெயில்பைப்புக்குள் விரல் விட்டுத் துடையுங்கள். டிபிஎஃப் ஒழுங்காக வேலை செய்தால் விரல் ஏறக்குறையச் சுத்தமாக வரும். கருப்பாக மை அப்பினால் விலையைக் குறைத்துப் பேசவும் வேண்டாம், வேறு வண்டி பாருங்கள். ஓபிடி போர்ட்டின் பிளாஸ்டிக் விளிம்பு தேய்ந்திருக்கிறதா, முன்கண்ணாடியின் பக்கத் தூணான ஏ-பில்லரில் மீட்டர் இருந்த திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா, முன்கண்ணாடியில் உறிஞ்சு பிடிப்பானின் வட்டத் தடம் இருக்கிறதா என்று கவனியுங்கள். மீட்டர் வைத்து ஓட்டியவர் அக்கறையாக ஓட்டியிருக்கவும் வாய்ப்புண்டு, அதனால் அதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயிலின் டிப்ஸ்டிக் இருந்தால் உருவி முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.